நேர வரம்புள்ள தள்ளுபடிகள்: ஆன்லைனில் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் பொருளை விற்பவர் பெரும்பாலும் தளத்தின் உரிமையாளர் அல்லர். அங்கே கடை விரித்திருக்கும் தனி விற்பனையாளர். அவர் அறிவிக்கும் தள்ளுபடிக்கு அருகில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும்போது வாங்குபவருக்கு எழும் கேள்விகளுக்கு, இந்தியாவில் நடப்பிலுள்ள சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகளில் வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

கடிகாரம் ஓடும் சலுகைகள் எல்லாம் ஒரே வகையா?

இல்லை. திரையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் குறைந்தது மூன்று வகைகள் உண்டு. முதலாவது, சில மணி நேரமே நீடிக்கும் சலுகை. அமேசானின் 'லைட்னிங் டீல்' இவ்வகை. இதில் விலையோடு எண்ணிக்கையும் வரம்புக்குட்பட்டது. இதுவரை எத்தனை சதவிகிதம் எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரு பட்டை காட்டும். நேரம் மீதமிருந்தாலும் ஒதுக்கிய எண்ணிக்கை தீர்ந்தால் சலுகை முடிந்தது. இரண்டாவது, பல நாள் நடக்கும் பண்டிகை விற்பனை. இங்கே ஓடும் கடிகாரம் விற்பனை விழாவின் முடிவைத்தான் குறிக்கிறது. நீங்கள் பார்க்கும் பொருளின் விலை அதுவரை அப்படியே இருக்கும் என்ற உறுதி எதுவும் அதில் இல்லை. மூன்றாவது, கூப்பனுக்கோ வங்கி அட்டைக்கோ உரிய கெடு. பொருளின் விலை மறுநாளும் அதேதான். அட்டைத் தள்ளுபடி மட்டும் நள்ளிரவில் நின்றுவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கடிகாரம் எதற்காக ஓடுகிறது என்பதை.

"60 சதவிகிதம் தள்ளுபடி" என்பதை எப்படிப் படிப்பது?

எந்த விலையிலிருந்து 60 சதவிகிதம் என்று கேட்டுப் படிக்க வேண்டும். இந்தியத் தளங்களில் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும் அந்த மேல் விலை பெரும்பாலும் எம்.ஆர்.பி., அதாவது அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரிகளும் அடங்கிய அந்தத் தொகையைப் பொட்டலத்தின் மேல் அச்சிடும்படி 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம் சொல்வது. அந்த விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தயாரிப்பாளரே தாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு அது. பற்பசைக்கும் பிஸ்கட்டுக்கும் எம்.ஆர்.பி.யும் விற்கும் விலையும் நெருங்கியே இருக்கும். மிக்ஸி, ஹெட்போன், சூட்கேஸ், ஷூ, மெத்தை போன்றவற்றில் அவ்விரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கும். சதவிகிதத்தைப் பெரிதாகக் காட்ட அந்தப் பள்ளம் உதவுகிறது.

ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். எம்.ஆர்.பி. 6,495 ரூபாய். ஆண்டு முழுவதும் தளத்தில் அது கிடைக்கும் விலை 3,299. பண்டிகை விற்பனையில் 3,149 ரூபாய்க்கு வருகிறது. பக்கத்தில் "52 சதவிகிதம் தள்ளுபடி" என்ற சிவப்புப் பட்டையும் கடிகாரமும் இருக்கின்றன. 6,495இலிருந்து கணக்கிட்டால் 52 சதவிகிதம் சரிதான், பொய்யில்லை. ஆனால் விற்பனை இல்லாத நாளிலும் அதே பக்கத்தில் "49 சதவிகிதம் தள்ளுபடி" என்றுதான் இருந்தது. நேற்றைய விலையிலிருந்து உண்மையில் குறைந்தது 150 ரூபாய், அதாவது நாலரை சதவிகிதம். அந்த 150 ரூபாயும் பணம்தான்; வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலரை சதவிகிதத்துக்காக யாரும் இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்கமாட்டார்கள், 52 சதவிகிதத்துக்காக விழித்திருப்பார்கள். ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்துப் பழகிய நமக்கு இது புரியாத கணக்கு அல்ல. அங்கே சேலையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கும் ஒரு நடை போய்வர நேரம் இருக்கும். அந்த ஒப்பிடும் நேரத்தைத்தான் கடிகாரம் பறித்துக்கொள்கிறது.

தளத்தில் காட்டப்படும் எம்.ஆர்.பி.யே தவறாக இருப்பதும் உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு வெவ்வேறு எம்.ஆர்.பி. வைப்பதை 2018 ஜனவரி முதல் விதிகள் தடைசெய்கின்றன. இணையப் பக்கத்திலும் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் விவரம், தயாரான நாடு முதலியவற்றைக் காட்ட வேண்டும். பொட்டலம் வந்ததும் அதில் அச்சிட்டிருப்பதைப் பக்கத்தில் காட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொட்டலத்தில் 1,999 என்றிருக்க, பக்கத்தில் 3,999 என்று கோடிட்டு அடித்திருந்தால், இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; புகாருக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

விற்பனைக்குச் சில நாள் முன்பு விலையை ஏற்றிவிட்டுப் பிறகு குறைப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

நடக்கிறது, எல்லாப் பொருளிலும் நடப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் வணிகர் அதற்கு முந்தைய 30 நாள்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையே முந்தைய விலையாகக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அத்தகைய 30 நாள் விதி இல்லை. என் கருத்தில், எம்.ஆர்.பி. இருக்கிறதே என்ற நிம்மதியில் நாம் இதைக் கேட்காமலே இருந்துவிட்டோம்.

எனவே வேலையை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது. கீப்பா, பைஹட்கே போன்ற கருவிகள் ஒரு பொருளின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும். அதில் மிகக் குறைந்த புள்ளியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஏதோ ஒருநாள் அரைமணி நேரம் நின்ற விலையாக இருக்கலாம். கோடு எந்த உயரத்தில் நீண்ட நாள் படுத்துக் கிடக்கிறது என்று பாருங்கள்: அதுவே அந்தப் பொருளின் வழக்கமான விலை. விற்பனைக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் கோடு திடீரென்று மேலேறி, விற்பனை நாளில் பழைய மட்டத்துக்கே இறங்கியிருந்தால், அங்கே தள்ளுபடி ஏதும் இல்லை. கருவி வேண்டாம் என்பவர்கள், வாங்க நினைக்கும் பொருளை ஒரு மாதம் முன்பே விருப்பப் பட்டியலில் போட்டு, அன்றைய விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும்.

ஓடும் கடிகாரமும், "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்ற வரியும் உண்மையானவையா?

சில உண்மை, சில வெறும் அலங்காரம். 2019இல் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 வணிகத் தளங்களைக் கணினி வழியே ஆராய்ந்தபோது, பக்கத்தை மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரங்களையும், பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் அதே விலையில் தொடரும் சலுகைகளையும் கண்டார்கள். நீங்களும் சோதிக்கலாம். அதே பக்கத்தை இன்னொரு போனில், உள்நுழையாமல் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே நேரம் காட்டினால் கடிகாரம் சர்வரிலிருந்து வருகிறது, நம்பலாம். ஒவ்வொருவருக்கும் புதிதாக 15 நிமிடம் தொடங்கினால், அது அவசரப்படுத்துவதற்கென்றே வைத்தது. தனியே தளம் நடத்தும் சிறு விற்பனையாளர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். பெரிய தளங்களில் கடிகாரம் பொதுவாகச் சரியாகவே ஓடும். ஆனால் அது முடிந்த மறுவாரம் அதே விலை வேறு பெயரில் திரும்பி வரும். ஜனவரியில் குடியரசு தினம், ஜூலையில் பிரைம் டே, ஆகஸ்டில் சுதந்திர தினம், செப்டம்பர்–அக்டோபரில் பண்டிகை விற்பனை, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தீபாவளி விற்பனை என்று ஆண்டு முழுவதும் விழா நடக்கும் நாட்டில் "இனி கிடைக்காது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், வாங்குவோரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைத் தடைசெய்கின்றன. பட்டியலில் முதலில் நிற்பதே பொய்யான அவசரம்தான். இருப்பைக் குறைத்துக் காட்டுவதும், எல்லோருக்கும் உள்ள விற்பனையைச் சிலருக்கு மட்டுமே உரியது என்று சொல்வதும் அதில் அடங்கும். கேட்காத பொருளைக் கார்ட்டில் சேர்த்துவிடுவது, கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அவிழ்ப்பது ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. தளங்கள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜூனில் ஆணையம் அறிவுறுத்தியது.

கார்ட்டில் போட்டுவைத்தால் விலை எனக்காகக் காத்திருக்குமா?

பொதுவாகக் காத்திருக்காது. லைட்னிங் டீல் வகையில் மட்டும் கார்ட்டில் சேர்த்த பின் 15 நிமிடம் அளவுக்கு உங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். மற்றவற்றில் பணம் செலுத்தும் தருணத்தில் உள்ள விலையே விலை. கார்ட்டில் கிடக்கும் பொருளின் விற்பனையாளரே மாறியிருக்கலாம்; ஒரே பக்கத்தில் பலர் விற்கும்போது சலுகை ஒருவருடையதாக மட்டும் இருக்கும், அவருடைய கையிருப்பு தீர்ந்ததும் அடுத்தவர் பெயரும் விலையும் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

இந்தத் தள்ளுபடியைக் கொடுப்பது தளமா, விற்பனையாளரா?

அந்நிய முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் தாமே சரக்கு வைத்து விற்கவோ, விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ தீர்மானிக்கவோ கூடாது என்பது மத்திய அரசின் கொள்கை. 2018 டிசம்பரில் வெளியான குறிப்பு அதை இறுக்கியது, 2019 பிப்ரவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஆகவே காகிதத்தில் விலையைக் குறைப்பவர் விற்பனையாளரே. நடைமுறை எவ்வளவு தூரம் அப்படி என்பதில் வியாபாரிகள் சங்கங்களுக்கு நீண்ட நாளாக மனத்தாங்கல் உண்டு; சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்கள் என்ற புகாரின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. வாங்குபவர் அறிய வேண்டியது ஒன்றே: பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விற்றவர்; அவருடைய முகவரியையும் தொடர்பு விவரத்தையும் தளம் காட்டியாக வேண்டும்.

வங்கி அட்டைக்கு "10 சதவிகிதம் உடனடித் தள்ளுபடி" என்றால் முழுப் பத்தும் கிடைக்குமா?

நட்சத்திரக் குறியைத் தொட்டுப் பாருங்கள். "குறைந்தபட்சக் கொள்முதல் 5,000 ரூபாய், அதிகபட்சத் தள்ளுபடி 1,500 ரூபாய்" என்பது போல இருக்கும். 24,000 ரூபாய் போனுக்குப் பத்து சதவிகிதம் 2,400. உங்களுக்குக் கிடைப்பது 1,500, அதாவது ஆறேகால் சதவிகிதம். வரம்பு ஒரு ஆர்டருக்கா, ஒரு நாளுக்கா, விற்பனைக் காலம் முழுவதற்குமா என்பதையும் பாருங்கள். சில அட்டைகளில் இஎம்ஐ-யில் வாங்கினால்தான் அதிகத் தொகை. நண்பரின் அட்டையில் வாங்கித் தரச் சொல்வது நம் ஊரில் சாதாரணம். பொருளைத் திருப்பினால் பணம் நண்பரின் கணக்குக்கே போகும் என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்பது உண்மையிலேயே செலவில்லாததா?

முழுவதுமாக இல்லை. பூஜ்ய சதவிகித வட்டித் திட்டங்களில் வட்டி மறைத்து வைக்கப்படுகிறது என்று கூறி, ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைக் கண்டித்தது. இப்போது நடப்பது வேறு ஏற்பாடு: வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது, அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பனையாளரோ நிறுவனமோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார். 18,000 ரூபாய்ப் பொருளை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 சதவிகித வட்டியில் எடுத்தால், மாதம் 3,000 ரூபாய். வங்கி கடனாகப் பதிவது சுமார் 17,238. வட்டி சுமார் 762. இதுவரை கணக்கு நேர். ஆனால் அந்த 762 ரூபாய் வட்டிக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி, அதாவது 137 ரூபாய், உங்கள் அட்டைக் கணக்கில் தவணைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் வாங்கும். அது 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக 370 ரூபாய்க்கு மேல் கூடுதல். மொத்தப் பணமும் ஒரே தவணையில் கட்டுபவருக்கு வேறு தள்ளுபடி இருந்து, இஎம்ஐ எடுப்பவருக்கு அது கிடைக்காது என்றால், அந்த வித்தியாசத்தையும் இஎம்ஐயின் செலவாகவே எழுத வேண்டும்.

பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை, அதற்குள் சலுகை முடிந்துவிட்டது. என்ன செய்வது?

உடனே மறுபடி பணம் செலுத்தாதீர்கள். முதலில் ஆர்டர் பட்டியலைச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் கழிந்து வணிகரிடம் உறுதிப்படாமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. பணம் இப்படித் திரும்பிவிடும். தவறிப்போன சலுகை விலையைத் திரும்பக் கேட்க அத்தகைய விதி எதுவும் இல்லை. பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் காட்டி வாடிக்கையாளர் சேவையிடம் கேட்கலாம்.

சலுகை விலைக்கு ஆர்டர் செய்தேன். விற்பனையாளர் ரத்து செய்துவிட்டார். கேட்க முடியுமா?

பண்டிகை விற்பனைகளின் மிகப் பழைய மனக்குறை இது. 2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே'யை நடத்தியபோது, விலை மாற்றம், கையிருப்பு தீர்ந்தது, ஆர்டர் ரத்து, தளம் திணறியது எனப் புகார்கள் குவிந்து, நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதமே அனுப்ப வேண்டியிருந்தது.

பெரும்பாலான தளங்களின் நிபந்தனைகளில், பொருள் அனுப்பப்படும்போதுதான் விற்பனை ஒப்பந்தம் உறுதியாகிறது என்ற வரி ஒளிந்திருக்கும். விலை அச்சுப் பிழையாக வந்துவிட்டது என்பதும் வழக்கமான காரணம். 75,000 ரூபாய் மடிக்கணினி 750 ரூபாய்க்கு வந்திருந்தால் அந்தக் காரணத்தை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்க உத்தேசமோ போதுமான கையிருப்போ இல்லாமல் குறைந்த விலையை விளம்பரம் செய்வது, 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி தூண்டில் விளம்பரமாகக் கருதப்படலாம். ஒருவருக்கு நேர்ந்ததா, பலருக்கு நேர்ந்ததா என்பதே இங்கே முக்கியம்.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். சில விற்பனையாளர்கள் போனில் அழைத்து, "ஸ்டாக் இல்லை சார், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் சீக்கிரம் வந்துடும்" என்று பணிவாகக் கேட்பார்கள். நீங்கள் ரத்து செய்தால் பதிவேட்டில் அது வாடிக்கையாளர் செய்த ரத்தாக ஏறும். தளம் அவருக்குத் தரும் மதிப்பெண் காப்பாற்றப்படும். உங்கள் புகாருக்குப் பிடிமானம் போய்விடும். "நீங்களே ரத்து செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம்.

வாங்கிய மறுநாளே விலை இன்னும் குறைந்துவிட்டது.

வித்தியாசத்தைத் திருப்பித் தரும் வழக்கம் பெரும்பாலான தளங்களில் இல்லை. பொருள் இன்னும் அனுப்பப்படவில்லை என்றால், புதிய விலையில் ஆர்டர் போட்ட பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டையும் இழக்க நேரிடும். தளம் தானாக ரத்து செய்யும்போது அதேபோன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காத நிலையில், உங்களிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

சலுகையில் வாங்கியதைத் திருப்ப முடியாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா?

மனம் மாறியதற்காகத் திருப்புவது என்றால், ஆம், மறுக்கலாம். அது அவரவர் கொள்கை. பழுதானது, போலியானது, பக்கத்தில் சொன்னதற்கு மாறானது, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது என்றால் மறுக்க முடியாது. அதே 2020 விதிகள் விற்பனையாளர் மீது இந்தக் கடமையைச் சுமத்துகின்றன. தள்ளுபடி விலைக்கு விலக்கு எதுவும் இல்லை. பல மின்னணுப் பொருள்களுக்கு ஏழு நாளுக்குள் மாற்றித் தருவது மட்டும் என்று போட்டிருக்கும். வாங்கும் முன்பே பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்தால், உள்ளே செங்கல் இருந்தாலும் வாதாடலாம்.

மாடல் எண்ணையும் பாருங்கள். டிவி, வாஷிங் மெஷின், ஏசி போன்றவற்றில் ஆன்லைனுக்கென்றே தனி மாடல்கள் வருவதுண்டு. கடையில் உள்ளதைப் போலவே தோற்றம். ஓர் எழுத்து மட்டும் வேறு. உள்ளே ஒரு போர்ட் குறைந்திருக்கும், அல்லது மோட்டார் வேறாக இருக்கும். விலை மலிவாக இருப்பதற்குத் தள்ளுபடி காரணமல்ல, பொருளே வேறு.

இத்தகைய திடீர் விற்பனைகளுக்குத் தடை வந்துவிட்டதா?

இல்லை. 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுத் திருத்தத்தில், தளங்கள் தமக்கு வேண்டிய விற்பனையாளருக்கு மட்டும் பயன்படும்படி நடத்தும் 'பிளாஷ் சேல்' தடைசெய்யப்படும் என்றிருந்தது. சாதாரணப் பண்டிகைத் தள்ளுபடியைத் தொடுவது நோக்கமல்ல என்று அப்போதே விளக்கினார்கள். வரைவு சட்டமாகவில்லை.

புகாரை எங்கே, எந்த வரிசையில் கொடுப்பது?

முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். இது சமரச ஏற்பாடு, தீர்ப்பளிக்கும் இடமல்ல. ஆனாலும் பணம் திரும்ப வேண்டிய சில்லறை வழக்குகளில் பெரும்பாலும் இதுவே போதுமானது என்பது என் எண்ணம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்பனையாளர் குருகிராமில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியே பதியலாம், குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பலரையும் ஏமாற்றும் விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

எதற்கும் சான்று வேண்டும். சலுகைப் பக்கம், கடிகாரம், கடைசிக் கட்டணப் பக்கம், பில், பொட்டலத்தின் எம்.ஆர்.பி. ஆகியவற்றின் படங்கள் போதும். சலுகை முடிந்ததும் பக்கம் மாறிவிடும் என்பதால், ஆர்டர் போடும்போதே எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கில் 99 ரூபாய்க்கு ஸ்மார்ட்வாட்ச், இன்னும் பத்து நிமிடம்தான் என்கிறது.

திறக்க வேண்டாம். பெரிய தளங்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய போலி முகவரிகள் பண்டிகைக் காலத்தில் பெருகும். சலுகை உண்மையென்றால் ஆப்பைத் திறந்து தேடினால் அங்கேயே இருக்கும். பரிசையோ ரீஃபண்டையோ பெற யுபிஐ பின் போடச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் தேவையில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்த்தப்படுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடிகாரம் மெய்யாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.